விரல் மடக்கி எண்ணிய மாதங்கள்

கட்கி, புனே
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு சாந்தகுமாரி வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே உங்கள் மகள் வைஷு, என் மகன் ஷ்ரேயஸ், என் வீட்டுக்காரர் எல்லாரும் சௌக்கியம். கோயம்புத்தூரில் மழை உண்டா? இங்கே கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்தப் போனை வாங்கிக் கொடுத்தவன் ஷ்ரேயஸ். இதில் வருகிற வாட்ஸப் எல்லாம் அவன் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறான். சரி, பேசலாம் என்றால் இவருக்குக் காது மந்தம். நான் யாரோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் முப்பது வருஷம் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவர். எந்தக் கடிதத்தை யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் சின்னதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வாகட்டில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வைஷு சோபாவில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, உதைக்குது பாருங்க" என்று என் கையை எடுத்து வைத்தாள். உதைதான். நல்ல உதை. ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளை தெம்பாக இருக்கிறது.

ஆனால் ஜூலையில் நம் இரண்டு வீட்டுக்கும் சொன்னபோது மூன்று மாதம் முடிந்தது என்றார்கள். அப்படியென்றால் இப்போது நாலு. நான் மூன்று பெற்றவள். நாலாம் மாதத்தில் எனக்கு வாந்தி தெரிந்தது, உதை தெரியவில்லை. அதுவும் வைஷுவுக்கு இது தலைச்சன் பிள்ளை, உதை இன்னும் தாமதமாகத்தான் தெரியும். ஷ்ரேயஸ் பொங்கல் முடிந்து ஜெர்மனி போனவன், சித்திரையில் சிநேகிதன் கல்யாணத்துக்கென்று ஒரு வாரம் வந்து போனான், பிறகு ஜூலையில்தான் திரும்பினான். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வைஷு உங்களிடம் முதலில் எப்போது சொன்னாள், எத்தனை மாதம் என்று சொன்னாள்? அதை மட்டும் எழுதினால் போதும். எழுதிவிட்டு இதைக் கிழித்துப் போடுங்கள்.

சாந்தகுமாரி


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. அப்படிக் கிழித்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மழையில் ஆரம்பித்து, மீன் குழம்பில் புகுந்து, ஜெர்மனிக்குப் போய் முடித்திருக்கிறீர்கள். சுற்றி வளைத்தால் எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா? நேராகவே கேட்டிருக்கலாம். நானும் நேராகவே பதில் சொல்லியிருப்பேன்.

உங்களுக்குச் சொன்ன அதே நாளில்தான் எனக்கும் சொன்னாள். மூன்று மாதம் என்றுதான் சொன்னாள். மூன்று மாதம் வரை பெற்ற தாயிடம்கூட மூச்சு விடவில்லையே என்று எனக்கும் வருத்தம் இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்குப் பிறகு தங்கியிருக்கிறது, கண் பட்டுவிடும் என்று பயந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒவ்வொரு வயிறும் ஒவ்வொரு விதம். என் அம்மா ஒன்பது பெற்றாள். எந்த மாதம் என்று யாராவது கேட்டால், "கரும்பு வெட்டறப்போ நின்னுது" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தேவைப்படவில்லை. என் காலத்தில் கர்ப்பம் என்ற வார்த்தையையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள், அதையும் ஆண்கள் காதில் விழாமல். மாமனார் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு ஒதுங்குவேன். ஆபீசில் சொன்னால், பொம்பளையை வேலைக்கு வைத்தாலே இந்தத் தொல்லைதான் என்று போஸ்ட்மாஸ்டர் முனகுவார். அதனால் ஏழாம் மாதம் வரை சொல்லவே இல்லை. கவுண்டரின் உயரம் அதற்கு வசதியாக இருந்தது, ஜனங்களுக்கு என் கழுத்துக்கு மேல்தான் தெரியும். அப்போது நாங்கள் வெட்கப்பட்டு மறைத்தோம். இன்றைக்கு எல்லாவற்றையும் போட்டோ பிடித்துப் போடுகிற காலத்தில், என் மகள் கொஞ்சம் மறைத்தால் அதற்கு இத்தனை அர்த்தமா?

ஐப்பசியில் வளைகாப்புப் போட்டு அவளை இங்கே அழைத்து வரப்போகிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் மாற்றம் இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள். இது உங்கள் சந்தேகமா, மாப்பிள்ளையின் சந்தேகமா?

வேதநாயகி


கட்கி, புனே
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சந்தேகம் என்னுடையதுதான். ஷ்ரேயஸுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருந்து, நான் கேட்டதாலேயே தெரிந்துபோனால் என்ன செய்வேன்?

நான் வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கட்கியில் இருக்கிறேன். இவருக்கு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குப் பின்னால் பட்டாளத்துக்காரர்கள் குடும்பம். எந்த ஜவான் எப்போது லீவில் வந்தான், எப்போது திரும்பப் போனான் என்று குழாயடியில் எல்லாருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டிக்கு நாள் தள்ளிப்போனால் உடனே பத்துப் பெண்கள் விரலை மடக்குவார்கள். கணக்குச் சரியாக இருந்தால் சர்க்கரை கொடுப்பார்கள். சரியாக இல்லாவிட்டால் அவளோடு தண்ணீர் பிடிக்க நிற்க மாட்டார்கள். நானும் மடக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை, இப்போது என் வீட்டிலேயே மடக்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் வைஷுவின் சிநேகிதி ரீனா வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அந்த வாகட் பில்டிங் பெண்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் மகளை ஊஞ்சலில் உட்கார வைத்திருக்கிறார்கள். தலையிலும் கையிலும் பூவால் செய்த நகை. முன்னால் இரண்டு கிண்ணம் மூடி வைத்திருக்கிறது. ஒன்றில் பேடா, ஒன்றில் பர்ஃபி. திறக்கிற கிண்ணத்தைப் பார்த்துப் பையனா பெண்ணா என்று சிரிப்பார்கள். மராட்டிக்காரர்கள் டோஹாளே என்பார்கள், நம் வளைகாப்பு மாதிரிதான். மாடி வீட்டுக்காரியிடம் இதை எத்தனையாவது மாதத்தில் செய்வீர்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். ஏழில் என்றாள்.

ஆக, அந்தப் பெண்களுக்குச் சரியான மாதம் தெரிந்திருக்கிறது. எனக்கும் உங்களுக்கும்தான் வேறு மாதம் சொல்லியிருக்கிறார்கள். ஏழிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள், மாசியில் போய் நிற்கும். மாசியில் என் மகன் ஜெர்மனியில் பனியில் நடந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்று சொல்லாமல் வாகட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, அவர்கள் கேட்டிலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. ஓட்டினவன் கண்ணாடி போட்ட ஒரு ஆள். பின் சீட்டில் வைஷு. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் அந்தக் காரில்தான் போகிறாளாம், வாட்ச்மேன் சொன்னான்.

நான் கேட்டால் மருமகளைச் சந்தேகப்படுகிற மாமியார் ஆவேன். நீங்கள் பெற்றவள், கேட்கலாம். பொய் சொன்னாலும் உங்கள் காதுக்குத் தெரியும். ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்டு இல்லை என்று நீங்கள் எழுதினால், பிள்ளையார் சத்தியமாக இந்தப் பேச்சை மறந்துவிடுகிறேன்.

சாந்தகுமாரி


கோயம்புத்தூர்
7 செப்டம்பர் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

கேட்டுவிட்டேன். உங்களுக்கு இப்போது திருப்தியா?

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன். பிறகு சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரை நானும் பின்னால் புரட்டினேன். புரட்டினேன் என்று உங்களிடம் எழுதுவதற்கே கூசுகிறது. மாசிச் சிவராத்திரி அன்றைக்கு அவளுக்குப் போன் செய்தபோது, பிற்பகலிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், குரல் ஒரு மாதிரியாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்றதற்கு ஒன்றுமில்லை என்றாள். அது எனக்கு இத்தனை நாள் ஞாபகத்திலேயே இல்லை. உங்கள் கடிதம் படித்த பிறகு வந்தது.

நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தேன். சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "கண்ணு, அந்த மாசம் மாப்பிள்ளை ஊர்ல இல்லையே?" என்றேன். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள், "நீ என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியாம்மா?" தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. மாப்பிள்ளைக்குப் பண்ணினால், அவளுக்கு ரெஸ்ட் வேண்டும், நீங்கள் இப்போது வர வேண்டாம் அத்தை என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். அந்த மரியாதை எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரிந்து பேசுகிறாரா, ஒன்றும் தெரியாமல் பேசுகிறாரா? தப்பில்லாதவள் என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? தப்பில்லாதவள்தான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாள் என்றும் தோன்றுகிறது. இரண்டும் மாறி மாறித் தோன்றுகிறது.

அந்த ஊஞ்சல் போட்டோவை என் தங்கை மகளும் பார்த்திருக்கிறாள். பெரியம்மா, உங்களை விட்டுவிட்டு வைஷுவுக்கு வளைகாப்பு நடந்துவிட்டதே என்று கேட்டாள். அது வடக்கத்தி வழக்கம், நம்முடையது ஐப்பசியில் என்று சமாளித்தேன். இன்றைக்கு அவள் கேட்டாள். நாளைக்கு எல்லாரும் எண்ண ஆரம்பித்தால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

அந்தக் கார்காரன் யார் என்று நீங்கள்தான் தெரிந்து எழுத வேண்டும். ஆரம்பித்து வைத்தது நீங்கள்.

வேதநாயகி


கட்கி, புனே
18 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் மகள்மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நடந்ததை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலையிலேயே போய் வாகட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டேன். இந்த வயதில் இது என்ன வேலை என்று எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. அந்தக் கார் வந்ததும் ஒரு ரிக்ஷாவில் ஏறிப் பின்னாலேயே போகச் சொன்னேன். ரிக்ஷாக்காரன் என்னைப் போலீஸ் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டான். ஔந்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. முதலில் இறங்கியது ரீனா. அவள் வைஷுவைக் கைபிடித்து இறக்கினாள். ஓட்டி வந்தவன் அவள் புருஷன் விச்சுவாம். அவள் அன்றைக்கும் காருக்குள்தான் இருந்திருக்கிறாள். எனக்கு ஆண்பிள்ளை மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறான்.

வாசலில் போர்டு பார்த்தேன். பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி. பிரசவமும் அங்கேயே பார்க்கிறார்கள். அவர்கள் மாடிக்குப் போன பிறகு நான் கீழே ஹாலில் போய் உட்கார்ந்தேன். ஆணா பெண்ணா என்று பிறப்பதற்கு முன் சொல்ல மாட்டோம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சாத்தாராவிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மருமகளைக் கூட்டி வந்திருந்தாள். வந்த புதிதில் கற்ற என் அரைகுறை மராட்டியில் பேச்சுக் கொடுத்தேன். அவள் மகன் துபாயில் இருக்கிறானாம். அவன் இங்கே இருந்தபோதே இரண்டு பேருடையதையும் எடுத்துக் கருவாக்கி, குளிரில் பத்திரப்படுத்தி, அவன் போன பிறகு இவளுக்கு வைத்தார்களாம். இதில் மறைக்க ஒன்றுமே இல்லை என்பதுபோல் கடலை தின்றுகொண்டே சொன்னாள்.

மாசிக் கணக்கு எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆனாலும் பாருங்கள், சந்தேகம் என்னை விடவில்லை. அத்தனை பேருடையதும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் மாறிப்போகாதா என்று அவளைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். நீ பெற்ற வார்டில் எத்தனை பிள்ளைகள் கிடந்தன, நீ தூக்கி வந்தது உன்னுடையதுதான் என்று எப்படி நம்பினாய் என்றாள்.

அன்று சாயங்காலம் ஷ்ரேயஸைக் கட்கிக்கு வரச் சொன்னேன். கோயிலுக்குப் போகலாம் என்று வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். குறை வைஷுவிடம் இல்லை, அவனிடம். நாலு வருஷமாக ஊசியும் மருந்தும் மட்டும் அவளுக்கு. பொங்கலுக்கு முன் கருவாக்கி வைத்துவிட்டு அவன் ஜெர்மனி போயிருக்கிறான். மாசியில் இவள் ரீனாவை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கருவை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சிவராத்திரி அன்று நீங்கள் போன் செய்தபோது ஏன் படுத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறதா?

மாதத்தை மாற்றிச் சொல்ல வைத்தவன் ஷ்ரேயஸ்தான். சித்திரையில் ஒரு வாரம் வந்தேனே, அதோடு ஒத்துப்போகிற மாதிரி சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். ஏன்டா மறைத்தாய் என்றேன். "அம்மா, பக்கத்து லைன்ல ட்வின்ஸ் பொறந்தப்போ நீ என்ன சொன்ன? ஆஸ்பத்திரில செஞ்ச புள்ளைங்கன்னு சொன்னல்ல? என் புள்ளைய அப்படிச் சொல்லுவேன்னு பயம்" என்றான். சொன்னது நிஜம்தான். எங்கள் வீட்டில் என் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை என்று, ஒரு வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிட மாட்டோம். அவள் புருஷனிடம் குறை இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் வைஷுவிடம் போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். உங்களைக் கேட்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "சரிங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

என்னை நீங்கள் எப்படித் திட்டினாலும் தகும்.

சாந்தகுமாரி


கோயம்புத்தூர்
26 செப்டம்பர் 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, கோபத்திலா என்று தெரியவில்லை. ஐந்து வருஷமாக, என் மகளிடம்தான் ஏதோ குறை என்று நானே ஒவ்வொரு கோயிலாகப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்திருக்கிறேன். உங்கள் மகன் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல்தானே இருந்தார்? அவர் மானம் காப்பாற்றப்பட்டது, என் மகள் மானம் குழாயடிக்கு வந்தது. உங்களைத் திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், பிள்ளை பிறக்கப்போகிற நேரம்.

நடந்தது போகட்டும். வருகிற புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கண்ணாடி வளையல் வாங்கிவிட்டேன், பச்சையும் சிவப்பும். அவளுக்குப் பிடித்த கலவைச் சாதம் எல்லாம் அங்கேயே வந்து செய்கிறேன். எட்டாம் மாதம் நடக்கிறது, வளைகாப்பு ஒற்றைப்படை மாதத்தில்தான் என்பார்கள், பரவாயில்லை. டாக்டர் பயணம் கூடாது என்றால் நானே அங்கே தங்கிப் பிரசவம் பார்க்கிறேன்.

ஆனால் அவள் இன்னும் என் போனை எடுக்கவில்லை. எல்லாம் தெளிந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை? மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தைத் தவிர அந்த வீட்டிலிருந்து எனக்கு வேறு சேதி இல்லை. நீங்கள் தடுக்கிறீர்களா? மகனின் குறை வெளியே தெரிந்துவிட்டது என்று என்னை ஒதுக்கப் பார்க்கிறீர்களா? அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இன்றைக்கு நீங்கள் எது எழுதினாலும் இரண்டு தடவை படிக்கிறேன், எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டு வந்துவிட்டீர்கள்.

என் போனை எடுக்கச் சொல்லுங்கள். அது போதும்.

வேதநாயகி


கட்கி, புனே
10 அக்டோபர் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் வந்து திரும்பிப் போனதை வைஷுவே சொன்னாள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து வந்தவரை, கதவைத் திறந்து காபி கொடுத்து, வளையலை மட்டும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாளாமே. நீங்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டீர்கள். கட்கிக்கு வந்திருக்கலாம். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயம்தான்.

சத்தியமாக நான் தடுக்கவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனாலும் நேற்று நடந்ததை எழுதாமல் இருந்தால், அது இதைவிடப் பெரிய துரோகம்.

நேற்று வைஷு போன் செய்து என்னை வரச் சொன்னாள். போனேன். பிரசவம் இங்கேதான் என்றாள், சரி என்றேன். உள்ளே ஒரு ஆள் கூட இருக்க விடுவார்களாம். ஷ்ரேயஸ் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள். "நீங்க வந்து கூட இருப்பீங்களா அத்தை?" என்று கேட்டாள். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். உன் அம்மாவைக் கூப்பிடு கண்ணு, நான் உனக்கு என்ன செய்தேன் என்று தெரிந்துமா என்னைக் கூப்பிடுகிறாய் என்றேன்.

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நீங்க சந்தேகப்பட்டீங்க, சரி. என்னை உங்களுக்கு அஞ்சு வருசமாத்தான் தெரியும். உங்க பையனுக்காகக் கேட்டீங்க. எங்கம்மா யாருக்காகக் கேட்டாங்க?"

நான்தானம்மா கேட்கச் சொன்னேன் என்று மறுபடி சொன்னேன். "நீங்க சொன்னா கேட்டுடுவாங்களா?" என்றாள்.

உங்களுக்காகப் பேச எவ்வளவோ முயற்சி செய்தேன். பெற்றவள் பயத்தில் கேட்டிருப்பாள், பாசத்தில் கேட்டிருப்பாள் என்றெல்லாம் சொன்னேன். அவள் டி.வி.யைப் போட்டுவிட்டாள்.

தப்புச் செய்த என்னை உள்ளே வரச் சொல்லிவிட்டு உங்களை வெளியே நிறுத்துகிறாள். இதை எழுதும்போது எனக்கு மனசு ஆறவில்லை. போகட்டுமா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போகாதே என்று நீங்கள் எழுதினால், இடுப்பு வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுகிறேன்.

சாந்தகுமாரி


கோயம்புத்தூர்
2 நவம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். கிழிக்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

யாருக்காகக் கேட்டேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்காகத்தான் கேட்டேன், என்னவாக இருந்தாலும் அவளைக் காப்பாற்றத்தான் கேட்டேன் என்று ஒரு கடிதம் முழுக்க எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாக இருந்தது. காப்பாற்றக் கேட்கிறவள், உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருப்பாள். நான் மாப்பிள்ளை ஊரில் இல்லையே என்று கேட்டேன். என் தங்கை மகளுக்கும் ஊராருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில், எனக்காகக் கேட்டேன். மாசி மாதம் அத்தனை ஊசி போட்டுக்கொண்டு தனியாகப் படுத்துக் கிடந்தவள் போனில் ஒன்றுமில்லை என்று சொன்னபோது, அந்தக் குரலைக் கேட்டு நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். அப்போது வரவில்லை. கணக்குக் கேட்க மட்டும் போன் செய்தேன். அவள் கோபம் சரியானதுதான் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். நானே எப்போதாவது சொல்கிறேன், அவள் கேட்கிற அன்றைக்கு.

நீங்கள் போங்கள். இடுப்பு வலி, சாக்கு ஒன்றும் வேண்டாம். யாராவது ஒரு பெரியவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு முதுகின் அடிப்பக்கம் அழுத்திவிட்டால் பிடிக்கும், சின்ன வயதில் காய்ச்சலிலும் அதைத்தான் கேட்பாள். தலையைத் தடவினால் எரிச்சல்படுவாள். வலி எடுக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள்.

டாக்டர் சொன்ன தேதி இந்த மாத நடுவில் என்று மாப்பிள்ளை ஒரு வழியாக மெசேஜ் அனுப்பினார். அது வரை நான் இங்கேயேதான் இருக்கப்போகிறேன். வா என்று அவள் சொல்லாமல் இனி அந்த வாசலுக்கு வர மாட்டேன்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். வலி வந்தால் யாராக இருந்தாலும் அம்மா என்றுதான் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன், நீங்களும் கத்தியிருப்பீர்கள். அதை எனக்கு எழுத வேண்டாம். ஆனால் ஒரு வலி போய் அடுத்த வலி வருவதற்குள் கொஞ்ச நேரம் இருக்கும். தண்ணீர் கேட்பார்கள், முகம் துடைக்கச் சொல்வார்கள், புத்தி தெளிவாக இருக்கும். அந்த நேரத்தில் அவள் என்னைக் கேட்கிறாளா என்று பாருங்கள். கேட்டால் உடனே போன் செய்யுங்கள், மாப்பிள்ளை பார்த்தாலும் பரவாயில்லை, சம்பந்தி ஐயா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் பரவாயில்லை. கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டுப் பொய் எழுதிவிடாதீர்கள்.

வேதநாயகி